சுழி சுத்தமான வண்டி

கயிறு கட்டியாகிவிட்டது. முன்னால் மரியலூர்துவின் மினி லாரி, பின்னால் கார், நடுவில் விசைப்படகைக் கரைக்கு இழுக்கிற பச்சை நைலான் கயிறு. லாரியின் முதுகில் காலி மீன் பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் கோணியால் சுற்றி ஒரு பேட்டரி உட்கார்ந்திருந்தது. அது காரினுடைய பேட்டரி. அதைக் கழற்றி லாரியில் ஏற்றினால்தான் நான் காரில் ஏறுவேன் என்று பாத்திமா மேரி காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். உயிரில்லாத வண்டி தானாக எங்கே ஓடப்போகிறது, வெறும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு புருஷன் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கணக்கு. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு ரேஸ் கார் ஆட்டுக்குட்டி மாதிரிக் கயிற்றில் போகப்போகிறது என்கிற சேதி அதற்குள் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

“என்னா சகாயம், ஜெயிச்ச காரா, தோத்த காரா? கையக் கட்டி இழுத்துகினு போறீங்க?” என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்சூரன்ஸ் முடிஞ்சிபோச்சிபா, அதான்” என்று சகாய ஆனந்த் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தான். இன்சூரன்ஸ் முடிந்துபோனது நிஜந்தான். ஆனால் கயிறு கட்டினது அதற்காக இல்லை. அது எதற்காக என்று இந்தத் தெருவில் அவனுக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். லாரி ஓட்டுகிற கூடப் பிறந்த தம்பி லூர்துவுக்குக்கூட அவள் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு உட்கார சீட்டு கிடையாது. அந்தக் காரில் ஓட்டுகிறவனுக்கு மட்டுந்தான் சீட்டு. அதுவும் குழந்தையைக் கவ்விப் பிடிக்கிற தொட்டில் மாதிரி இடுப்பைக் கவ்விக்கொள்கிற சீட்டு. அதில் ஒருதடவை லூர்து ஆசைப்பட்டு உட்கார்ந்து பார்த்து, அவனை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் லூர்துவை ஓட்டச் சொல்ல முடியவில்லை. மற்ற இடமெல்லாம் வெறும் தகரம். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில், வண்டி உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள். மேரி அவனுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுத் தகரத்தின்மேல் குந்தினாள். முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தன. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த வண்டியில் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. விற்கப் போகிறபோதுதான் ஏற வாய்த்தது.

ரேஸ் கார் என்று ஊர் சொல்கிறதே தவிர, அது எந்த ரேஸிலும் ஓடினதில்லை. புதுச்சேரியில் ஒரு படகு முதலாளி வீட்டுக் கொல்லையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய எஸ்டீம் கார். சகாயம் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கிற மெக்கானிக். அந்த முதலாளியின் படகுக்கு மாசக்கணக்கில் வேலை செய்துவிட்டு, கூலிக்குப் பதிலாக இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கூலி வருமென்று பார்த்திருந்தவள், கோழிப்பீ நாறுகிற காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நாலைந்து வருஷம் அவன் அதைப் பிரித்தான், மாட்டினான், பிரித்தான். நீல பெயின்ட் அடித்தான். மெட்ராஸுக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரேஸ் மைதானம் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பணத்தைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை அங்கே கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி கிடையாது. கப்பு கிடையாது. வேகமாகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரவேண்டியது. டிராக் டே என்று அதற்குப் பெயர். அதற்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போவான். “சுத்துறதுக்கா காசு? ராட்டினத்துல குந்துனாக்கூட நேரமானா எறக்கி உட்டுடுவான்” என்று மேரி கேட்ட அன்றைக்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். துறைமுகத்தில் பத்துப் பேரிடம் சொல்லியும் சிரித்தான். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரோடு பக்கவாட்டில் சாய்ந்தான். என்னமோ விளையாட்டு காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். கண் செருகிக் கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருந்தாள். என்ன இரும்பு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தோன்றவில்லை. கதவு ஓரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்து மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இழுப்பு நின்று, அவன் கண்ணைத் திறந்து, கையில் என்ன என்று விரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது அந்தக் காரின் சாவி.

அந்த ஒரு காரியத்துக்காக அவள் தன்னையே எத்தனை தடவை நொந்துகொண்டாள் என்று கணக்கில்லை. வீட்டில் அரிவாள்மனை இல்லையா, கரண்டி இல்லையா, இரும்புச் சட்டி இல்லையா? இரும்பால் வலிப்பு நிற்காது, அது தானாகத்தான் நிற்கும், இனிமேல் அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு எங்களிடம் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அது சகாயத்தின் காதில் விழவே இல்லை. “நான் எங்கியோ போயிட்டு இருந்தேன் மேரி. அந்தச் சாவிதான் என்னத் திருப்பி இட்டாந்துச்சி. நீதான கையில குடுத்த? அதப் போயி விக்கச் சொல்றியே” என்று ஆரம்பித்துவிட்டான். மாத்திரையைத் தவறாமல் போடவேண்டும், நான் சொல்கிற வரைக்கும் எந்த வண்டியும் ஓட்டக்கூடாது, ஆழத்தில் இறங்கி வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வெளியே வந்ததும் சகாயம் அதைத் தனக்குத் தோதாகப் பெயர்த்துக்கொண்டான். “ஜாஸ்தி ஓட்டக்கூடாதுன்றாரு.” படகில் என்ஜின் இருப்பது பள்ளத்தில். வலிப்பு என்று ஒரு பேச்சு துறைமுகத்தில் கிளம்பினால் எந்த முதலாளியும் அவனைப் பள்ளத்தில் இறங்க விடமாட்டான். அதனால் வாயைத் திறக்காதே என்றான். அது நியாயந்தான் என்று அவளும் திறக்கவில்லை. காரை மட்டும் விற்றுவிடுங்கள் என்றாள். தலையை ஆட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிராக் டே வருகிறது. போன வியாழக்கிழமை அவள் துணி உலர்த்தப் போனபோது கொடிக்குப் பக்கத்தில் அவனுடைய ஹெல்மெட் குப்புறக் கவிழ்ந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

விற்க வரமாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாத எரிச்சல். வருகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, காரின் குறைகளை ஒன்று விடாமல் சொன்னான். திருப்பாதிரிப்புலியூர் தட்சிணாமூர்த்தி நல்ல மனுஷர். ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். மகனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கையில் சாக்லேட் பெட்டியோடு வந்தார். நீல நிறத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. “நம்பி எடுக்கலாமா தம்பி?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், சகாயம் ஆரம்பித்துவிட்டான். மூணாவது கியர் சூட்டில் சிக்கும். ஏசி கிடையாது, எடை குறையட்டும் என்று நான்தான் பிடுங்கி எறிந்தேன். மழையில் இந்த டயர் வழுக்கும். பின்கதவு திறக்கும், ஆனால் மூடாது. பக்கத்தில் ஆள் பேசினால் காதில் விழாது. ஊருக்குள் ஓட்டினால் போலீஸ்காரர் நிறுத்தி என்ன சத்தம் இது என்று கேட்பார். தட்சிணாமூர்த்தி சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு, கோபப்பட்டேன் ஃபாதர் என்று ஒரே ஒரு பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிற ஆள், காருக்காக இத்தனை பாவத்தை அறிக்கையிடுகிறானே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏன் இப்படிப் பண்றீங்க?” என்றால், “பொய் சொல்லியா விக்கச் சொல்ற?” என்பான். யோக்கியனோடு சண்டை போடுவது எப்படி என்று கட்டிக்கொடுத்தவர்கள் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

கடைசியில் அவள்தான் காத்தவராயனைப் பிடித்தாள். அவர் மாட்டுத் தரகர். சந்தைகளெல்லாம் ஓய்ந்துபோனதில் டிராக்டர், டெம்போ, கார் என்று கையில் கிடைத்ததைத் தரகு பேச ஆரம்பித்திருந்தார். சரக்குதான் மாறியதே ஒழிய, முறை மாறவில்லை. காரைப் பார்க்க வந்த அன்றைக்கு முன்பக்கமாகப் போகவே இல்லை. பின்னால் வந்து, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து, டிக்கியின்மேல் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார், உதைக்கிறதா என்று பார்ப்பவர்போல. டிக்கிக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த ரெக்கையைக் காட்டி, “வாலு கொஞ்சம் தூக்கல். ஓடுற சாதி” என்றார். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தார். கதவில் இருந்த நசுங்கலை, மாட்டு முதுகில் ராசியான சுழியா என்று பார்க்கிற மாதிரி, விரலால் தடவிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் மேரியிடம் திரும்பி, “சுழி சுத்தமான வண்டி தங்கச்சி. யாரு ஊட்டுக்குப் போனாலும் கெடுதல் வராது. நான் பாத்துக்கறேன்” என்றார். அதைக் கேட்டதும் அவள் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மூன்றே நாளில் சிதம்பரத்தில் ஆள் பிடித்துவிட்டார். செந்தமிழ்செல்வன் என்று ஒரு பையன், இறால் தீவன ஏஜென்சி எடுத்திருக்கிறான், கிள்ளை போகிற ரோட்டில் வீடு, வண்டியைக் கொண்டுவந்து காட்டினால் அன்றைக்கே முடித்துவிடுவான் என்றார்.

அப்படித்தான் இந்தக் கயிற்றுப் பயணம். ஆலப்பாக்கம் தாண்டியது. முன்னால் லாரிக்குள் லூர்துவும் காத்தவராயனும் என்னவோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. வண்டியில் என்ஜின் ஓடவில்லை என்றால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காதாம், அது அவளுக்குத் தெரியாது. கயிறு தொய்கிறபோதெல்லாம் சகாயம் பிரேக்கை ஏறி மிதித்தான், கழுத்து நரம்பு புடைத்தது. பஸ்கள் ஒதுங்கிப் போகிறபோது சன்னலோரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பைக்கில் போன ஒரு பையன் பக்கத்தில் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, “அண்ணே, எவ்ளோ புடிக்கும்?” என்று கத்தினான். “கயிறு புடிக்கிற அளவுக்குப் புடிக்கும்” என்று சகாயம் திருப்பிக் கத்தினான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு மேரி வெளியே பார்த்தாள். சிரித்துவிட்டால் தோற்றுப்போன மாதிரி.

புதுச்சத்திரம் வந்தபோது அவன் குரல் மாறியது. “மேரி, இதப் புடி” என்று இரண்டு பேருக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக நின்ற நீள இரும்புத் தடியைக் காட்டினான். அது ஹேண்ட்பிரேக். “எதுக்கு?” என்றாள்.

“சும்மாதான். நான் பேசாம இருந்தாலோ, கை இழுத்தாலோ, நீ யோசிக்காத. இத மேல இழுத்துடு. வண்டி நின்னுடும். கயிறு அறுந்தா அறுந்துட்டுப் போவுது.”

இத்தனை மாசத்தில் அதைப்பற்றி அவனாக வாயைத் திறந்தது அப்போதுதான். அவள் இரண்டு கையாலும் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டாள். பி.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, சிதம்பரம் ஊருக்குள் நுழையாமல் கிள்ளை ரோட்டில் திரும்புகிற வரைக்கும் விடவில்லை. அவன் இருமினால் அவள் கை இறுகியது. அவன் பேசாமல் இருந்தால் “என்னாங்க?” என்றாள். “ஒண்ணுமில்ல, உயிரோடதான் இருக்கேன்” என்றான். இறங்கும்போது உள்ளங்கை இரண்டிலும் தடியின் சொரசொரப்பு அச்சாகப் பதிந்திருந்தது.

செந்தமிழ்செல்வனின் வீடு, வயலைத் தூர்த்துப் புதிதாக மனை போட்ட நகரில் இருந்தது. நகர் என்று வளைவில் எழுதியிருந்ததே தவிர, வீடு என்னவோ அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கல் நட்ட மனைகளும், அவற்றைச் சதுரம் சதுரமாகச் சுற்றிவருகிற தார்ரோடும், ரோட்டோரத்தில் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த சீமைக் கருவேலமும்தான். லூர்து கயிற்றை அவிழ்த்து, பேட்டரியை இறக்கிவைத்துவிட்டு, “நான் கிள்ளையில லோடு ஏத்திகினு வந்துடறேங்க்கா” என்று லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செந்தமிழ்செல்வன் கலகலப்பான பையன். காரைப் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து, குழாய்களைத் தொட்டுப் பார்த்து, ஸ்டியரிங்கை முகர்ந்தே பார்த்துவிட்டான். சகாயம் பேட்டரியை மாட்டிக்கொண்டே வழக்கமான ஜெபத்தை ஆரம்பித்தான். மூணாவது கியர் சிக்கும் தம்பி. டயர் வழுக்கும். பின்கதவு மூடாது.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்ண்ணே. உங்க வண்டி டிராக்குல அந்த மூணாவது வளைவுல திரும்புற வீடியோவ நூறு தடவ பாத்திருக்கேன்” என்றான் பையன்.

வாழ்க்கையில் முதல்தடவையாகக் குறைகளைக் கேட்டு மயங்குகிற ஒருவன் கிடைத்துவிட்டான். மேரிக்குப் பாதி உயிர் வந்தது.

மாட்டுச் சந்தையில் விரல் கணக்கில் விலை பேசுகிற மாதிரி, காத்தவராயன் தோளில் கிடந்த துண்டை உதறி விரித்தார். “நேரா சொல்லுங்க பெரியவரே, போன்லயே அனுப்பிடறேன்” என்றான் பையன். “வெலையக் காத்துல உட்டா நிக்காது தம்பி. கைக்குள்ளதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு, ஒரு கையைத் துண்டுக்குள் விட்டுப் பையனின் விரல்களைப் பிடித்து, அமுக்கி, தட்டி, உருவி என்னென்னவோ செய்தார். அது இத்தனை, இது இத்தனை என்று காதோரமாகச் சொல்லியும் கொடுத்தார். பையனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தான். அப்புறம் துண்டைச் சகாயத்தின் பக்கம் கொண்டுவந்தார். சகாயம் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கினான். உள்ளே விட்டால் பாவம் சின்னப்பையன் என்று தானாகவே இறக்கிக் கொடுத்துவிட்டு வருவான் என்று மேரிக்குத் தெரியும். அவனைத் தோளால் தள்ளிவிட்டு அவள் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

காத்தவராயன் துண்டை உருவிக்கொள்ளப் பார்த்தார். “தங்கச்சி... இது ஆம்பளைங்க சமாச்சாரம். துண்டுக்குள்ள பொம்பள கை வந்ததே இல்ல.”

“மாடா விக்கறோம்? காருதான. நீங்க புடிங்கண்ணே.”

பிடித்தார். இரண்டு விரலை அமுக்கினார், ஒன்றை மடக்கினார். அவளுக்கு அந்தப் பாஷை எங்கே தெரியும்? அவள் பேசாமல் அவருடைய நாலு விரலையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தாள். நாலு வருஷம் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கின கை. அவர் உருவப் பார்த்தார், விடவில்லை. இன்னொன்றைச் சொல்லி அமுக்கினார், அதற்கும் விடவில்லை. வெளியே துண்டு மட்டும் கோழி மாட்டிக்கொண்ட சாக்கு மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. “சரி தங்கச்சி, சரி! அதான் வெல. அதே வெல. விரல உடு, நாளைக்கி நான் சோறு துன்னணும்” என்று அவர் கத்தின பிறகுதான் விட்டாள். அந்த விலையை அவர் காதோரமாகச் சொன்னதும் பையன் சிரித்துக்கொண்டே சம்மதம் என்று தலையை ஆட்டினான். சாவிவளையத்தில் தொங்கின சின்ன மாதா சுரூபத்தைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார் காத்தவராயன். மாட்டை விற்றால் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்ள வேண்டும், புதுக் கயிறு வாங்குகிறவன் போடவேண்டும், அது முறை என்றார். மேரி சுரூபத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு விழுந்தபோது மாசக்கணக்காக மேலே ஏறியே நின்றிருந்த மூச்சு ஒன்று கீழே இறங்கியது.

இறங்கி முடிவதற்குள் பின்னால் பேச்சு கேட்டது. “ஆனா ஒரு கண்டிஷன்ண்ணே. வர ஞாயித்துக்கெழம நீங்க டிராக்குக்கு வரணும். வீடியோவ விடுங்க, நேர்ல நாலு ரவுண்டு ஓட்டிக் காட்டணும். உங்க கைய பாத்துத்தான் நான் கத்துக்கணும்.”

“அதுக்கென்னா தம்பி” என்றான் சகாயம். “நாலு என்னா, எட்டு ஓட்டுறேன்.”

மேரி திரும்பினாள். அவன் முகத்தில் வெயில்காலத்து முதல் மழைக்கு நிற்கிற மாடு மாதிரி ஒரு குளிர்ச்சி. வண்டியைத்தான் விற்றிருக்கிறோம், ஓட்டுகிறவனை விற்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்த வண்டியாக இருந்தால்கூடச் சாவியை ஒளித்துவைக்கலாம், பேட்டரியைக் கழற்றலாம், அழலாம், சண்டை போடலாம். ஊரான் வண்டியை அவள் எப்படிக் கயிறு கட்டுவாள்? வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வீட்டில் பேசிப் பேசி என்ன ஆனது என்று அடுத்த நினைப்பு வந்தது. பக்கத்தில் காத்தவராயன் விரலை ஊதிக்கொண்டு நின்றார். அவர் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் முதுநகரில் எல்லார் காதிலும் விழும். நாளைக்கு எந்தப் படகுப் பள்ளத்திலும் இவனை இறக்கமாட்டார்கள். அதுவும் தெரிந்துதான் அவள் வாயைத் திறந்தாள்.

“அவரு ஓட்டக்கூடாது தம்பி. அவருக்கு வலிப்பு வந்துச்சி. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் விக்கறோம். அதுக்குத்தான் கயிறு கட்டி இட்டாந்தோம்.”

பையன் சகாயத்தைப் பார்த்தான், அப்புறம் காரைப் பார்த்தான், வலிப்பு வந்தது அதற்கோ என்பதுபோல. காத்தவராயன் ஊதுவதை நிறுத்திவிட்டார். வண்டியின் மூன்று டஜன் குறையை வாய் ஓயாமல் சொல்கிற சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ஒரு தடவதான்” என்றான். அப்புறம், யாரும் கேட்காமலே, “மாத்திர போடறேன்” என்றான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சொல்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டதற்குப் பதில் அவன் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பையன்தான் சமாளித்தான். நல்ல வளர்ப்பு. “அதனால என்னாண்ணே. எங்க மாமாவுக்குக்கூட இருந்துச்சி, இப்ப நல்லாதான் இருக்காரு. வெல பேசினது பேசினதுதான். நீங்க பக்கத்துல குந்துங்க, நான் ஓட்டுறேன். இந்த நகர ஒரு சுத்து சுத்தி வரலாம். எங்க கியர் மாத்தணும்னு நீங்க சொல்லுங்க, போதும்.”

சகாயம் காரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். மேரியைக் கடந்துதான் வரவேண்டும். கடந்து வந்தான், பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துக் கதவை அவன் அதிகம் தொட்டதில்லைபோல, கைப்பிடி எங்கே என்று ஒரு நொடி தடவினான். தகரத்தின்மேல் உட்கார்ந்து காலை நீட்டினான், மடக்கினான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையின்மேல் வைத்துக்கொண்டான். பையன் சாவியைத் திருகினான். வண்டி உறுமிவிட்டு நின்றது. மறுபடி திருகினான், குதித்து நின்றது. “கிளச்ச மொள்ள உடு தம்பி. முட்டைமேல கால் வைக்கற மாதிரி” என்றான் சகாயம். மூன்றாவது தடவை நகர்ந்தது. அந்த அகோரச் சத்தத்தில் மனைக்கற்கள்மேல் உட்கார்ந்திருந்த கொக்குகள் கிளம்பிப் போயின.

“நான் யாராண்டயும் சொல்லமாட்டேன் தங்கச்சி. சொன்னா என் நாக்கு அழுகிப்போயிடும்” என்றார் காத்தவராயன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கார் முதல் முனையில் திரும்பிப் புதருக்குப் பின்னால் மறைந்தது. கருவேலத்துக்கு மேலே புழுதி மட்டும் நகர்ந்துபோவது தெரிந்தது. சத்தம் விட்டுவிட்டு வந்தது, திணறியது, கர்ரென்று பல்லைக் கடித்தது. மூணாவது கியராக இருக்கும் என்று நினைத்தாள், அவள் நினைக்க விரும்பாத எத்தனையோ விஷயங்களோடு இதுவும் மண்டைக்குள் ஏறிப்போயிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. புழுதி நகரின் கோடிக்குப் போனது. அங்கே என்ஜின் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது. வயல்பக்கமிருந்து ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “ஆஃப் ஆயிடுச்சோ?” என்றார் காத்தவராயன். ஒரு கதவு திறக்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கதவு. அப்புறம் ஒன்று அறைந்து சாத்தியது. இன்னொன்றும் அறைந்து சாத்தியது.

மறுபடி என்ஜின் உயிர்பெற்றது. இந்தத் தடவை குதிக்கவில்லை. இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்களோ? பையன் கற்றுக்கொண்டிருக்கலாம். ஒரு சுற்றில் கற்றுக்கொள்கிற விஷயந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். சத்தம் ஒரே இழையாக, எங்கும் முடிச்சு விழாமல், நகரின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. மேற்கு முனையில் நீலமாக மூக்கு தெரிந்தது. வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்து மொத்தக் கண்ணாடியும் வெள்ளையாகக் கொதித்தது. அந்த வெள்ளைக்குப் பின்னால் இரண்டு தலை இருந்தது தெரிந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை. தார் சுட்டது. மேரி நடுரோட்டில் நின்று ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்து மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை நிறுத்து என்பதுபோல உயர்த்தினாள். வண்டி வந்துகொண்டிருந்தது.